ஏரியை இறைத்தவர்களும் ஒரு தாமிரப் பட்டாம்பூச்சியும்

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக்குத் தெற்கே ஹோம் ஃபென் என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று அது பிர்ச் மரக்காடு. அந்தக் காட்டுக்குள் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது, தரையிலிருந்து சுமார் 4 மீட்டர் உயரம். 1851 வாக்கில் அதை நட்டபோது தூணின் உச்சி தரைமட்டத்தோடு சமமாக இருந்தது. அடிப்பாகம் கீழே உள்ள களிமண்ணில் ஊன்றியிருப்பதால் தூண் அசையவே இல்லை. தரைதான் இறங்கிவிட்டது. பிரிட்டனிலேயே மிகத் தாழ்வான நிலம் இந்தப் பக்கம்தான், கடல்மட்டத்துக்கு 2.75 மீட்டர் கீழே.

நான் தேடிப் போனது தூணை அல்ல. லார்ஜ் காப்பர் என்ற ஒரு பட்டாம்பூச்சியைப் பற்றிக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன். பட்டாம்பூச்சியில் தொடங்கி பம்புசெட், வட்டிப்பணம், மலேரியா, உலகப்போர் என்று எங்கெங்கோ போய்விட்டது. குறிப்புகளை ஒழுங்குபடுத்தியபோது இது ஒரு பூச்சியின் கதை மட்டும் இல்லை, ஒரு நிலத்தின் கதையும்கூட என்று தோன்றியது. அதனால் இந்தப் பதிவு.

பூச்சி எப்படி இருக்கும்?

தேய்த்து விளக்கிய செப்புக் குடத்தை வெயிலில் வைத்துப் பாருங்கள். ஆண் பூச்சியின் சிறகு அந்த நிறம்தான். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. பெண் பூச்சியின் சிறகிலோ கரும்புள்ளிகளும் பட்டைகளும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று சொல்லத் தயங்குவோம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாவொர்த் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இதற்கு 'டிஸ்பார்' என்று அறிவியல் பெயர் வைத்தார். லத்தீனில் 'ஒத்துப்போகாதது' என்று அர்த்தம். பேர் வைப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1749-ல், லிங்கன்ஷயரில் ஸ்பால்டிங் ஊருக்குப் பக்கத்தில் இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதன் புழு தின்பது ஒரே ஒரு செடியை. ரூமெக்ஸ் குடும்பத்தில் தண்ணீர் ஓரமாக ஆள் உயரம் வளரும் ஒரு பெரிய வகை. நம்மூர் சுக்கான்கீரைக்கு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பூச்சி பறக்கும், இலையில் முட்டை இடும். புழு கொஞ்ச நாள் தின்றுவிட்டு, குளிர் வந்ததும் செடியின் அடியில் காய்ந்த இலைக்குள் சுருண்டு தூங்கிவிடும். வசந்தத்தில் எழுந்து மறுபடி தின்று, கூட்டுப்புழுவாகி, பறக்கும். இங்கிலாந்து, ஹாலந்து வகைகளுக்கு வருஷத்துக்கு ஒரே தலைமுறைதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புழு தூங்குவது தண்ணீர் ஓரம். குளிர்காலத்தில் வெள்ளம் வந்து செடி மூழ்கினால் கொஞ்ச நாள் தாங்கும். வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் செத்துவிடும். ஆக, இதற்குத் தண்ணீரும் வேண்டும், அந்தத் தண்ணீர் அளவோடும் இருக்க வேண்டும். ஓர் இடம் மூழ்கினால் பக்கத்தில் மூழ்காத இன்னோர் இடம் வேண்டும். பழைய ஃபென் நிலம் அப்படித்தான் இருந்தது. மைல் கணக்கில் நாணலும் கோரையும், நடுநடுவே ஏரி, ஓடை, மேடு. எங்கேயாவது ஒரு பத்துச் செடி பிழைத்துக்கொள்ளும். பிழைத்த இடத்திலிருந்து பூச்சி அடுத்த இடத்துக்குப் பரவும்.

சதுப்பை வற்றவைத்த கதை

ஃபென் என்பது கிழக்கு இங்கிலாந்தின் மாபெரும் சதுப்பு. செத்த செடிகள் தண்ணீருக்கடியில் மட்காமல் ஆயிரக்கணக்கான வருஷம் படிந்து கறுப்பாக ஆன மண்ணை பீட் என்கிறார்கள். வெட்டிக் காயவைத்தால் அடுப்பெரிக்கலாம். அங்கே இருந்த ஜனங்கள் பீட் வெட்டி, நாணல் அறுத்து, விலாங்கும் வாத்தும் பிடித்துப் பிழைத்தார்கள். குளிர்காய்ச்சல் அங்கே குடியிருந்த வியாதி. அதற்கு அவர்கள் குடித்தது கசகசாச் செடியின் காயில் போட்ட கஷாயம். சொல்லப்போனால் அபின்தான்.

1630-களில் பெட்ஃபோர்டு பிரபு தலைமையில் 13 பேர் சேர்ந்து பணம் போட்டார்கள். வெர்மூடன் என்ற டச்சுப் பொறியாளரை வைத்து சதுப்பை வற்றவைப்பது, வற்றிய நிலத்தில் 95,000 ஏக்கரைத் தாங்கள் எடுத்துக்கொள்வது என்பது ஒப்பந்தம். முதலைப் பணயம் வைத்தவர்கள் என்பதால் இவர்களுக்கு 'அட்வெஞ்சரர்கள்' என்று பெயர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். நேர்க்கோடாக இரண்டு பெரிய கால்வாய்கள் வெட்டினார்கள். பழையது 1637-ல், புதியது 1651-ல். டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளை இரண்டாவதில் மண் சுமக்க வைத்தார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கரையை உடைத்தார்கள், மதகைச் சேதப்படுத்தினார்கள். அவர்களுக்கு 'ஃபென் புலிகள்' என்று பெயர் வந்தது.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஈரம் போன பீட் சுருங்கியது. காற்றுப்பட்டு மட்கியது. உழுதால் தூசியாகப் பறந்தது. நிலம் இறங்க இறங்க, அதன் நடுவே ஓடும் ஆறும் கால்வாயும் வயலைவிட உயரத்தில் நின்றன. தானாக வடிந்த தண்ணீரை இப்போது மேலே ஏற்றித்தான் அனுப்ப முடியும். காற்றாலைகள் வைத்தார்கள். நிலம் இன்னும் இறங்கியது. 1820-களிலிருந்து நீராவி இன்ஜின்கள் வந்தன. இன்னும் ஆழமாக வடித்தார்கள், இன்னும் இறங்கியது. வாங்கின கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குகிற கதைதான்.

இதைச் செய்தவர்களை வில்லன்களாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. காய்ச்சல் குறைந்தது. கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைந்தன. இன்றும் பிரிட்டனின் மிக வளமான விளைநிலங்களில் இது ஒன்று. லாபம் கண்ணுக்குத் தெரிந்தது. நஷ்டம் தெரிய நூறு, இருநூறு வருஷம் பிடித்தது.

கடைசி ஏரி

1840-களில் மிச்சம் இருந்த பெரிய நீர்நிலை விட்டில்சி மியர். தென் இங்கிலாந்தின் சமவெளியிலேயே பெரிய ஏரி. கோடையில் படகுப் போட்டி, குளிரில் உறைந்த பரப்பில் சறுக்கு ஓட்டம். நாணல் அடர்ந்த அதன் கரையோரம்தான் லார்ஜ் காப்பர் பூச்சியின் புகழ்பெற்ற வீடு.

வில்லியம் வெல்ஸ் என்ற நிலக்கிழார் 1851-ல் ஏரியை இறைக்கத் தொடங்கினார். அதே வருஷம் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. அங்கே ஆப்போல்டு என்பவரின் மையவிலக்குப் பம்பு எல்லோரையும் அசத்தியது. அந்த வகைப் பம்புதான் விட்டில்சிக்கு வந்தது. தண்ணீர் வற்றியதும் மீன்கள் சேற்றில் துள்ளின, ஊரே வந்து அள்ளிக்கொண்டு போனது. ராம்சி மடாலயத்துக்குச் சொந்தமானவை என்று கருதப்படும் வெள்ளி தூபக்கால் ஒன்றும், சாம்பிராணி வைக்கும் படகு வடிவப் பாத்திரமும் ஏரியின் அடியிலிருந்து கிடைத்தன. இப்போது அவை லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1852 நவம்பரில் கரை உடைந்து ஏரி மறுபடி நிரம்பியது. மறுபடி இறைத்தார்கள். அத்தோடு ஏரி போயிற்று. நிலம் எவ்வளவு இறங்கும் என்று பார்க்கத்தான் அந்தத் தூணை நட்டார்கள்.

யார் கொன்றது?

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான்: ஏரியை இறைத்தார்கள், பட்டாம்பூச்சி அழிந்தது. கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒத்துவரவில்லை.

ஹோம் ஃபென் பக்கம் கடைசியாகப் பூச்சி பிடிபட்டது 1847-48ல். பம்பு வந்தது 1851-ல். அதாவது ஏரி வற்றுவதற்கு மூன்று வருஷம் முன்பே அங்கே பூச்சி இல்லை. இங்கிலாந்தின் கடைசிப் பதிவு என்று பொதுவாக ஏற்கப்படுவது 1851-ல் கேம்பிரிட்ஜ்ஷயரின் பாட்டிஷாம் ஃபென்னில் கிடைத்தது. அது விட்டில்சியைச் சேர்ந்தது இல்லை.

அப்படியானால் குற்றவாளி சேகரிப்பாளர்களா? விக்டோரியா காலத்தில் பட்டாம்பூச்சி சேகரிப்பு ஒரு பித்து. லண்டனிலிருந்து வியாபாரிகள் யாக்ஸ்லிக்கும் ஹோமுக்கும் வந்தார்கள். ஊர்க்காரர்கள் பூச்சியைப் பிடித்து விற்றார்கள். பறக்கும் பூச்சியைத் துரத்துவதைவிடப் புழுவைப் பொறுக்குவது சுலபம் என்பதால் செடியிலிருந்தே புழுக்களை எடுத்தார்கள். பூச்சி அருகிப்போனதும் குண்டூசியில் குத்தி வைத்த பழைய மாதிரிகளின் விலை ஏறியது. இன்று இங்கிலாந்து வகை லார்ஜ் காப்பர் என்று இருப்பதெல்லாம் அருங்காட்சியக இழுப்பறைகளில் உள்ள அந்த மாதிரிகள்தான்.

ஆனால் ஆயிரக்கணக்கில் பறக்கும் பூச்சி இனம் ஒன்றை வலை போட்டு மட்டும் ஒழிப்பது கஷ்டம். பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு வருஷம் பிடித்தால் அடுத்த வருஷம் ஈடுகட்டிவிடும். பக்கத்திலிருந்து புதுசாக வந்து குடியேறவும் செய்யும். இதில் 'பக்கத்திலிருந்து' என்ற சொல்தான் முக்கியம். 1820-களிலிருந்து நீராவி இன்ஜின்கள் ஒவ்வொரு ஃபென்னாக வற்றவைத்துக்கொண்டே வந்தன. 1840-களில் விட்டில்சியைச் சுற்றி 'பக்கம்' என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு வெள்ளம், ஒரு மோசமான கோடை, பத்து வியாபாரிகள், இவற்றில் எது வந்தாலும் திரும்பிவர இடம் கிடையாது.

ஆக என் கணக்கு இது: வடிகால் பூச்சியை மூலையில் நிறுத்தியது, மூலையில் நின்றதை வலை வாரிக்கொண்டது. ஏரியை இறைத்தது கொலை இல்லை. அதற்கு முன்பே நடந்து முடிந்த சாவுக்கான அடக்கம். கடைசி அடியை அடித்தவன் யார் என்று தேடினால் முந்தைய இருநூறு வருஷம் கண்ணில் படாமல் போய்விடும்.

தங்கச்சி மகள் வந்தாள்

1915-ல் ஹாலந்தின் ஃப்ரீஸ்லாந்து பகுதியில் ஒரு லார்ஜ் காப்பர் வகை கண்டுபிடிக்கப்பட்டது. அழிந்துபோன இங்கிலாந்து வகைக்கு மிக நெருக்கம். அதற்கு 'பட்டாவுஸ்' என்று பெயர். இங்கிலாந்து பூச்சிக்காரர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அக்காள் செத்துவிட்டாள், தங்கச்சி மகளையாவது கூட்டிவருவோம் என்று.

குடிவைக்க இடமும் தயாராக இருந்தது. சார்லஸ் ரோத்சைல்டு என்ற வங்கிக் குடும்பத்துக்காரர், ஓய்வு நேரத்தில் தெள்ளுப்பூச்சி ஆராய்ச்சி செய்தவர், ஹோம் ஃபென்னுக்குச் சில மைல் தள்ளி உட்வால்டன் ஃபென்னை 1910-ல் விலைக்கு வாங்கியிருந்தார். பிளேக் நோயைப் பரப்பும் எலித்தெள்ளுக்கு 1903-ல் அறிவியல் பெயர் வைத்தவர் இவர்தான். பம்பாய் பிளேக் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தத் தெள்ளு பழக்கமானது. அரிய இடங்களை வாங்கிக் காப்பாற்ற 1912-ல் ஒரு சங்கமும் தொடங்கினார். 1919-ல் உட்வால்டனை அந்தச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

1927-ல் கேப்டன் பியூர்ஃபாய் என்பவரின் முயற்சியால் ஹாலந்துப் பூச்சிகள் உட்வால்டனில் விடப்பட்டன. ஏறத்தாழ 75 வருஷத்துக்குப் பிறகு ஃபென் மேல் மறுபடி செம்புச் சிறகு பறந்தது. 1930-ல் விக்கன் ஃபென்னிலும் விட்டார்கள். அங்கே அது பிடித்துக்கொண்ட இடத்தின் பெயர் அட்வெஞ்சரர்ஸ் ஃபென், 17-ஆம் நூற்றாண்டில் பணம் போட்டவர்களின் பங்கு நிலம். பூச்சி பத்து வருஷம் அங்கே வாழ்ந்தது. இரண்டாம் உலகப்போரில் சோற்றுக்குத் தட்டுப்பாடு வர, அந்த நிலத்தை வற்றவைத்து உருளைக்கிழங்கு போட்டார்கள். விக்கன் குடியிருப்பு 1942 வாக்கில் முடிந்தது. நாட்டில் ரேஷன் நடக்கும்போது பட்டாம்பூச்சிக்கு இடம் ஒதுக்கு என்று யார் கேட்பது? கேட்டால் யார் கொடுப்பது?

உட்வால்டனில் மட்டும் தொடர்ந்தது. ஆனால் எப்படித் தொடர்ந்தது என்று பாருங்கள். வசந்தத்தில் செடிகளுக்கு மேல் மஸ்லின் துணிக்கூண்டு போடுவார்கள், பறவையும் ஒட்டுண்ணி ஈயும் புழுவைத் தொடாமல் இருக்க. பூச்சி வந்ததும் திறந்துவிடுவார்கள். செடி குறைந்தால் நட்டுவைப்பார்கள். எரிக் டஃபி என்ற சூழலியலாளர் பல வருஷம் இதை ஆராய்ந்து 1968-ல் விரிவான கட்டுரை வெளியிட்டார். அதே 1968 கோடையில் பெரிய வெள்ளம் வந்தது, அடுத்த வருஷமே பூச்சி இல்லை. கூண்டில் வளர்த்துவைத்திருந்ததை 1970-ல் மறுபடி விட்டார்கள். 1990-களில் அதுவும் நின்றது. இன்று பிரிட்டனில் லார்ஜ் காப்பர் இல்லை.

வேலி போட்டும் ஏன் தங்கவில்லை?

எழுபது வருஷ உழைப்பு. வேலி உண்டு, காவல் உண்டு, விஞ்ஞானிகள் உண்டு, செடி உண்டு. அப்படியும் பூச்சி ஏன் தங்கவில்லை?

ஒரு காரணம் அந்தத் தூணிலேயே இருக்கிறது. சுற்றியுள்ள வயல்கள் இறங்கிக்கொண்டே போயின. காப்பகம் மட்டும் உழவு இல்லாததால் அவ்வளவு இறங்கவில்லை. விளைவு, சதுப்புக் காப்பகம் வயல்களைவிட உயரத்தில் மேடாக நிற்கிறது. கோடையில் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து ஓடிவிடும். 1970-களில் களிமண் வைத்துக் கரை கட்டித்தான் தண்ணீரை உள்ளே நிறுத்தினார்கள். மழைக்காலத்திலோ சுற்றுவட்டாரத்து மிகைநீரைத் தேக்குகிற இடமும் இதுவேதான். வேண்டும்போது வறட்சி, வேண்டாதபோது வெள்ளம். முன்பு சொன்னேனே, ஓர் இடம் மூழ்கினால் பக்கத்தில் மூழ்காத இன்னோர் இடம் வேண்டும் என்று. சுமார் 200 ஹெக்டேர் காப்பகத்தில் அதற்கு வழியில்லை. கரைக்கு அந்தப் பக்கம் கோதுமை.

இன்னொரு காரணம் ஹாலந்தைப் பார்த்தால் புரிகிறது. பட்டாவுஸ் வகை இன்றும் அங்கே வெய்ரிபன், டி வீடன் சதுப்புகளிலும் ஃப்ரீஸ்லாந்தின் ஓரத்திலும் தப்பிப் பிழைக்கிறது. எண்ணிக்கை குறைவுதான், ஆபத்தும் நீங்கவில்லை. ஆனால் அந்த இடம் மனிதன் கைபடாத காடு அல்ல. நூற்றாண்டுகளாக பீட் வெட்டியதால் உண்டான நீர்ப்பள்ளங்களும், வெட்டியதைக் காயப்போட்ட நீண்ட வரப்புகளும்தான் அந்தச் சதுப்பு. இன்றும் கூரைக்கு நாணல் அறுப்பது அங்கே தொழிலாக நடக்கிறது. அறுக்காமல் விட்டால் புதர் ஏறும், பின் மரம் ஏறும், தண்ணீரோரச் செடி நிழலில் போய்விடும். பூச்சிக்கு வேண்டியது மனிதன் இல்லாத இடம் இல்லை, அளவாகக் கைவைக்கும் மனிதன் இருக்கும் இடம். பழைய ஃபென் ஜனங்கள் தெரியாமலேயே அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். அவர்களின் பிழைப்பு போனபோது பூச்சியின் பிழைப்பும் போயிற்று.

இதே இனத்தின் ஐரோப்பிய உள்நாட்டு வகையோ வேறு கதை. வருஷத்துக்கு இரண்டு தலைமுறை, பல ரூமெக்ஸ் செடிகளைத் தின்னும், ஈரப் புல்வெளியே போதும். வடக்கே எஸ்தோனியா, பின்லாந்து வரை பரவிக்கொண்டிருக்கிறது. ஆக 'லார்ஜ் காப்பர் அழிகிறதா?' என்று கேட்டால், இனம் அழியவில்லை, சதுப்போடு கட்டிப்போட்ட வாழ்க்கை அழிகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது?

2001-ல் 'கிரேட் ஃபென்' என்ற திட்டம் தொடங்கியது. உட்வால்டனையும் ஹோம் ஃபென்னையும் இணைத்து, நடுவே உள்ள வயல்களை வாங்கி, சுமார் 3,700 ஹெக்டேரை மறுபடி ஈரமாக்குவது நோக்கம். இதைப் பட்டாம்பூச்சிக்காக மட்டும் செய்யவில்லை. காய்ந்த பீட் காற்றில் கரைந்து கரியமில வாயுவாகப் போகிறது. நனைத்துவைத்தால் அது நிற்கும். மேல்மண் தீர்ந்துபோனால் விவசாயத்துக்கும் முடிவுதான். அதனால் ஈரநிலத்திலேயே விளையும் பயிர்களையும் அங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். இறைத்து வற்றவைத்த அதே நிலத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் விடுகிறார்கள்.

லார்ஜ் காப்பரைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. என்னைக் கேட்டால் அவசரம் வேண்டாம். பூச்சியைப் பெட்டியில் கொண்டுவந்து விடுவது ஒரு நாள் வேலை, 1927-லேயே செய்து காட்டிவிட்டார்கள். 'பக்கத்து இடம்' என்று ஒன்றை உண்டாக்குவதுதான் தலைமுறை வேலை. ஒரு சென்டிமீட்டர் பீட் சேர ஏறத்தாழ பத்து வருஷம் ஆகும். தூண் பக்கத்தில் இறங்கியிருப்பது 4 மீட்டர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.